குழாய் வெட்டித் தந்தவருக்கும் ஐஸ் தந்தவருக்கும் ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம். வேளச்சேரியில் எங்கள் தெருவுக்குப் பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில், ஆறாவது ஏழாவது படிக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் வானிலைக் கருவிகளைச் சொல்லிக்கொடுத்து வருகிறோம் இல்லையா, அதற்குக் கை கொடுத்தவர்களுக்கெல்லாம் நேரில் போய் நன்றி சொல்லியாகிவிட்டது. ஆனாலும் யார் என்ன செய்தார்கள் என்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் பிளம்பர் அண்ணன். தண்ணீர் பாட்டிலை வெட்டித்தான் மழைமானி செய்ய ஆரம்பித்தோம். பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால் கொஞ்சமாகப் பெய்த மழையைச் சரியாக அளக்கவே முடியவில்லை. அண்ணன் அதை எடுத்துப் பார்த்தார், மறுநாள் ஏதோ ஒரு வேலையில் மிச்சமான நாலு இஞ்ச் பிவிசி குழாயையும் இரண்டு இஞ்ச் குழாயையும் துண்டு போட்டு, அடியில் மூடி ஒட்டிக் கொண்டுவந்து, "வாயும் உடம்பும் ஒரே அகலம், ஸ்கேலை உள்ளே விட்டுப் பாத்தா எவ்ளோ நிக்குதோ அதான் மழை" என்றார். பெரிய குழாயில் தண்ணீர் அதிகம் இருக்கும் என்று பிள்ளைகள் அடித்துச் சொன்னார்கள். ஒரு மழைக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது உயரம் ஒன்றாகவே இருந்தது. நான் கரும்பலகையில் எவ்வளவு எழுதியிருந்தாலும் அது இப்படிப் புரிந்திருக்காது. அண்ணன் காசு வாங்கவில்லை.

அடுத்து தலைமையாசிரியை அம்மா. மழைமானியை மரத்தடியிலோ சுவரோரத்திலோ வைக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கும் கட்டடம் எவ்வளவு உயரமோ அதைப் போல இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும். வேளச்சேரியில் அப்படி ஓர் இடத்துக்கு எங்கே போவது? மைதானத்தின் நடுவிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அங்கே கிரிக்கெட் ஆடுகிற பெரிய பையன்கள் தாங்களாகவே பிட்சை ஓரமாக மாற்றிக்கொண்டதையும் சொல்லியாக வேண்டும், நன்றி தம்பிகளா.

மீன் விற்கும் அக்காவுக்கு இரண்டு விஷயத்துக்கு நன்றி. வாங்கிவந்த வெப்பமானிகளை ஒரே இடத்தில் வைத்தால் மூன்றும் மூன்று அளவு காட்டின. கடையில் கேட்டால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா பெட்டியிலிருந்து ஐஸ் அள்ளிக் கொடுத்தார். ஐஸைப் பொடித்துத் தண்ணீரில் போட்டு, வெப்பமானிகளை அதில் நிறுத்தினால் பூஜ்யம் டிகிரி காட்ட வேண்டும், எது எவ்வளவு தள்ளிக் காட்டுகிறதோ அந்தத் திருத்தத்தைச் சீட்டில் எழுதி அதன் மேலேயே ஒட்டினோம். இரண்டாவது, காற்றுத் திசைகாட்டி. அம்பு காற்று போகிற பக்கம்தான் திரும்பும் என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். கடற்கரைக் குப்பத்தில் பிறந்து வளர்ந்த அக்கா, "வாடைன்னா வடக்கேயிருந்து வர்றது, கொண்டல்னா கிழக்கேயிருந்து வர்றது, எங்கேருந்து வருதுன்னுதான் பாக்கணும்" என்று நின்ற இடத்திலேயே பாடம் நடத்திவிட்டுப் போனார். மத்தியானம் கடல்காற்று புகுந்ததும் அம்பு கிழக்கே திரும்புவதை இப்போது பிள்ளைகள் காத்திருந்து பார்க்கிறார்கள்.

தச்சர் மாமா பழைய ஜன்னலின் சாய்சட்டங்களை வைத்து வெப்பமானிக்குப் பெட்டி செய்தார். வெள்ளைப் பெயின்ட், வடக்கே பார்த்த கதவு, காற்று போகும் வெயில் படாது. காற்றில் எவ்வளவு ஈரம் என்று பார்க்க, குமிழை ஈரத்துணியால் சுற்றி வைக்கும் ஈரக்குமிழ் வெப்பமானிக்கு மல் துணி கொடுத்தது டெய்லர் கடை அண்ணன்.

அப்புறம், வானிலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா. இவரைப் பற்றி எழுதத் தனி மடல் வேண்டும். காலை எட்டரை மணிக்கு அளக்க வேண்டும், நேற்று எட்டரையிலிருந்து இன்று எட்டரை வரை பெய்ததுதான் ஒரு நாள் மழை, செய்தியில் சொல்வதும் அதுதான் என்று தொடங்கினார். பலூன் கட்டிய கண்ணாடி ஜாடிதான் எங்கள் காற்றழுத்தமானி. சென்னை வெயிலில் உள்ளே இருக்கும் காற்றே விரிந்து ஜாடி வெப்பமானி வேலை செய்துவிடும் என்று சொல்லி, தன் வீட்டிலிருந்த திரவமில்லாக் காற்றழுத்தமானியைக் கொண்டுவந்து வைத்தார். தினமும் சாயங்காலம் நாலு மணி வாக்கில் அதில் முள் இறங்கியது. புயல் வருதா என்று ஒரு குட்டிப் பெண் பயந்தே போனாள். நம் ஊர் மாதிரி வெப்ப நாடுகளில் காற்றழுத்தம் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும், காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நாலு மணி வாக்கில் தாழ்வு, அந்த வழக்கத்தை மீறி இறங்கினால்தான் யோசிக்க வேண்டும் என்று அவளுக்கு ஐயா பொறுமையாகச் சொன்னார்.

ஆனால் எனக்கு அவர் சொன்னதிலேயே பெரியது வேறு. லீவு நாட்களுக்கெல்லாம் ஒரு பையன் நோட்டில் பூஜ்யம் போட்டு வைத்திருந்தான். "பாக்காத நாளுக்குப் பூஜ்யம் போடாதே கண்ணு, கோடு போட்டு விடு. பூஜ்யம்னா, நான் போய்ப் பாத்தேன், மழை இல்லைன்னு அர்த்தம்." அன்றிலிருந்து யாரும் குத்துமதிப்பாக எழுதுவதில்லை. பிள்ளைகளுக்கு அறிவியல் என்று நாங்கள் எதையாவது உருப்படியாகக் கொடுத்திருக்கிறோம் என்றால் அது இதுதான், கொடுத்தது ஐயா.

நுங்கம்பாக்கம் மண்டல வானிலை மையத்தில் சுற்றிக் காட்டிய ஊழியர்களுக்கும் நன்றி. 1792-ல் தொடங்கிய வானாய்வகத்தின் கருங்கல் தூணைத் தொட்டுப் பார்த்த கையோடு பிள்ளைகள் கேட்ட கேள்விகள் கொஞ்சமில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அப்போது தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர், அப்படியானால் 490 லிட்டர், கிட்டத்தட்ட மொட்டை மாடியில் வைக்கும் 500 லிட்டர் டேங்க் ஒன்று, ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கும் ஒன்று என்று திரும்பி வரும் பஸ்ஸிலேயே கணக்குப் போட்டுவிட்டார்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். கனமழைக்கு லீவு விடுகிற நாளில்தான் அளக்கவே வேண்டும், அன்றைக்குப் பிள்ளைகளை வெளியே வரச் சொல்ல மாட்டோம். வாட்ச்மேன் தாத்தா கேட்டைத் திறந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அவருக்கும் நன்றி. பள்ளிக்குப் பக்கத்திலேயே இருக்கும் பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் அந்த எட்டரை மணிக்குப் போய்ப் பார்த்து எழுத முன்வந்தால் நோட்டில் கோடு விழாது. முடிந்தவர்கள் சனிக்கிழமை வகுப்பு நேரத்தில் வந்து பேர் கொடுங்கள், எப்படிப் பார்ப்பது என்று பிள்ளைகளே சொல்லித் தருவார்கள்.