யார்க் நகரில் எரிந்த கடன் பத்திரங்கள்

ஆசிரியருக்கு,

இடைக்கால ஐரோப்பாவில் யூதர்மீது இருந்த வெறுப்பை மதப்பகை என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பணக்கணக்கையும் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் கிறிஸ்தவர் வட்டி வாங்குவதைத் திருச்சபை தடுத்தது; யூதருக்கோ பல தொழில்களின் கதவு அடைபட்டிருந்தது. வட்டித் தொழிலுக்கு வந்தவர்களிடம் மன்னர் வேண்டியபோதெல்லாம் வரி கறந்தார். 1186-இல் லிங்கன் நகரப் பெரும் யூத வட்டிக்காரர் ஆரோன் இறந்ததும் சொத்து மன்னரிடம் போனது. அவருக்கு வரவேண்டிய பாக்கிகளை வசூலிக்கவே கருவூலத்தில் தனிப் பிரிவு திறந்தார்கள். வசவு வட்டிக்காரருக்கு, வரவு அரண்மனைக்கு!

1190 மார்ச்சில் கும்பலுக்கு அஞ்சி யார்க் கோட்டையில் தஞ்சம் புகுந்த சுமார் 150 யூதர் மாண்டனர். பலர் தற்கொலை செய்துகொண்டார்கள். உயிர் மிஞ்சும் என்ற வாக்கை நம்பி வெளியே வந்தவர்களைக் கும்பல் வெட்டியது. பிறகு பேராலயத்துக்குப் போய், அங்கே வைத்திருந்த கடன் பத்திரங்களைக் கொளுத்தியது. தலைமை தாங்கியவர்களில் கடனாளிகளும் இருந்தது தற்செயலா?

அரசு கற்ற பாடம் விசித்திரமானது. 1194 முதல் ஒவ்வொரு பத்திரத்துக்கும் இரண்டு பிரதி. ஒன்று கடன் கொடுத்தவரிடம், மற்றது மூன்று பூட்டுப் போட்ட பொதுப்பெட்டியில். சாவிகள் யூதர், கிறிஸ்தவர், அரசு எழுத்தர் என்று தனித்தனிக் கைகளில். பத்திரத்துக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது.

1275-இல் வட்டிக்கே தடை. 7 வயது தாண்டிய யூதர் மஞ்சள் துணிச்சின்னம் அணிய வேண்டும். வரி வற்றிப்போன பின், 1290 நவம்பர் 1-க்குள் எல்லா யூதரும் வெளியேறும்படி மன்னர் முதலாம் எட்வர்ட் உத்தரவிட்டார். அதே ஆண்டு நாடாளுமன்றம் அவருக்குப் பெரிய வரி ஒன்றை அனுமதித்தது. யூதர் மறுபடி வெளிப்படையாகக் குடியேற 1656 ஆயிற்று.