200 மீட்டர் தள்ளி நிற்கும் சேர்வராயன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேர்வராயன் மலையில் நடக்கப் போகிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய நில அளவை வரைபடத் தாளான டோப்போ ஷீட்டின் ஜேபெக் படங்கள் சுற்றுகின்றன. அது போனில் இருந்தாலே வரைபடம் கையில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். சாதாரணமாக அனுப்பும் படத்தை வாட்ஸ்அப் சுருக்கிவிடும். நெருக்கமான சம உயரக்கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பழுப்புக் கறையாகிவிடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் இது நேராது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஸ்கேன் செய்து நிலத்தோடு பொருத்திய படத்துக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஆறு வரிகள் கொண்ட சின்ன ஃபைல் ஒன்று இருக்கும். ஒரு பிக்சல் தரையில் எத்தனை மீட்டர், மேல் இடது மூலை எந்த இடம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. படத்தை மட்டும் அனுப்பினாலோ, படத்தின் பெயரை மாற்றிவிட்டு இதன் பெயரை மாற்ற மறந்தாலோ, மிஞ்சுவது சுவரில் மாட்டும் படம்தான். இட விவரத்தையும் சேர்த்து வைக்கும் பட வடிவமான ஜியோடிஃப் ஆகச் சேமித்தால் எல்லாம் ஒரே ஃபைலுக்குள் அடங்கிவிடும்.

அந்த ஆறு வரிகளிலும் இல்லாத விஷயம், தாள் எந்த அளவை அடிப்படையில் வரையப்பட்டது என்பது. பழைய தாள்கள் 1830-இல் கணக்கிட்ட எவரெஸ்ட் கோளவடிவத்தை, அதாவது பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கை, அடிப்படையாகக் கொண்டவை. போனின் ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84 என்ற புதிய உலகளாவிய கணக்கைப் பயன்படுத்துகிறது. சேலம் பகுதியில் இவ்விரண்டுக்கும் கிழக்கு மேற்காகச் சுமார் 140 மீட்டரும், வடக்கு தெற்காகச் சுமார் 165 மீட்டரும் வித்தியாசம் வரும். மொத்தத்தில் 200 மீட்டருக்குச் சற்று மேல். 1:50,000 தாளில் இது 4 மில்லிமீட்டர்தான், ஆனால் குப்பனூர்ப் பக்கச் சரிவில் ஓடைக்கு இந்தக் கரையா அந்தக் கரையா என்பதே மாறிவிடும். தாள் முழுவதும் ஒரே அளவில், ஒரே திசையில் தள்ளியிருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

தேவையான தாள்கள் இவை: ஏற்காட்டுக்கு 58 ஐ/1, சேலம் நகருக்கு 58 ஐ/2, கிழக்குச் சரிவுகளுக்கு 58 ஐ/5, 58 ஐ/6. பழைய தாளே வேண்டும் என்றில்லாதவர்கள் சர்வே ஆஃப் இந்தியா இணையதளத்தில் பதிவு செய்து, டபிள்யூஜிஎஸ் 84-இல் அமைந்த ஓப்பன் சீரிஸ் என்ற பொதுப் பயன்பாட்டுத் தாள்களை பிடிஎஃப் ஆக எடுப்பது நல்லது. அதில் இந்த 200 மீட்டர் வம்பு இல்லை. வேறொன்று இருக்கிறது. இந்தத் தாள்கள் யூடிஎம் முறையில், அதாவது பூமியை நெடுக்குப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் முறையில், அமைந்தவை; அதன் மண்டலங்கள் 43-ம் 44-ம் 78 பாகை தீர்க்கரேகையில் பிரிகின்றன. மேட்டூரும் சங்ககிரியும் 43-இல், சேலமும் ஏற்காடும் 44-இல். இரண்டு பக்கத் தாள்களையும் அப்படியே ஒட்டினால் விளிம்பு பொருந்தாது. முதலில் ஒரே ஆள்கூற்று முறைக்கு (இடத்தை எண்களால் குறிக்கும் முறை) மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

காகிதத் தாளை நீங்களே ஸ்கேன் செய்தால் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) போதும். அதில் ஒரு பிக்சல் தரையில் சுமார் 4.2 மீட்டர், ஒரு தாள் சுருக்காமல் ஏறக்குறைய 125 எம்பி. இடம் குறைக்க, படத்தின் தரம் குறையாத எல்இசட்டபிள்யூ சுருக்கம் வையுங்கள். ஜேபெக் மெல்லிய கோடுகளைச் சுற்றிப் புகைமூட்டம் போடும். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் படத்தை நிலத்தோடு பொருத்தும்போது நான்கு மூலைகளோடு நிறுத்திவிடாதீர்கள். மடித்து வைத்த தாள் சீராக விரிவதில்லை. 5 கலைக்கு (ஒரு பாகைக்கு 60 கலை) ஒன்றாக வரும் கோட்டுச் சந்திப்புகள் ஒரு தாளில் 16 உண்டு, எல்லாவற்றையும் திரையில் குறியுங்கள். ஒரு மில்லிமீட்டர் பிசகு தரையில் 50 மீட்டர். ஆள்கூற்று முறையாக முதலில் எவரெஸ்ட்டைத் தேர்ந்து பொருத்தி, பிறகு டபிள்யூஜிஎஸ் 84-க்கு மாற்ற வேண்டும். அவசரத்தில் பலரும் இங்கேதான் தவறுகிறார்கள்.

போனுக்கு எம்பிடைல்ஸ் ஆக, அதாவது 'ஓடுகள்' எனும் சிறு சதுரப் படங்களாக, வெட்டும்போது ஜூம் 16-ஐத் தாண்டாதீர்கள். ஜூம் 15-இல் பிக்சலுக்கு 4.7 மீட்டர், 16-இல் 2.3 மீட்டர். ஸ்கேனில் இருப்பதே 4.2 மீட்டர்தானே! 30 கிலோமீட்டர் சதுரத்துக்கு 16-இல் ஏறக்குறைய 2,500 ஓடுகள், 17-இல் 10,000. கூடுவது ஃபைல் அளவு மட்டுமே.

உயரத் தரவு வேண்டுவோருக்கு 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து அளந்த எஸ்ஆர்டிஎம் என்ற ரேடார் தரவு இருக்கிறது. வடக்கு 11, கிழக்கு 78 என்ற ஒரே ஃபைல், சுமார் 25 எம்பி, சேர்வராயன் முழுவதையும் அடக்கிவிடும். ஆனால் ரேடார் பெரும்பாலும் மரத்தலையில் பட்டுத் திரும்புவது. காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் நிழலில் உண்மைத் தரை, தரவு காட்டுவதைவிடச் சில மீட்டர் தாழ்ந்தே இருக்கும். இதிலிருந்து 5 மீட்டர் இடைவெளியில் கோடு வரைந்து துல்லியம் என்று நம்ப வேண்டாம். அச்சுத் தாளிலும் கோட்டு இடைவெளி 20 மீட்டர்தான். 15 மீட்டர்ப் பாறைச் செங்குத்து இரண்டு கோடுகளுக்கு நடுவே காணாமல் போகலாம். ஓடைகளையும் மேட்டையும் தாளில் நம்பலாம், எஸ்டேட் பாதைகளை அல்ல. நேற்றுத் திறந்திருந்த கேட் இன்று பூட்டியிருக்கும். வரைபடத்தில் பாதை இருப்பது வனத்துறை அனுமதியும் ஆகாது.

கணினியில் மூன்று போல்டர்கள் போதும்: கைபடாத மூலம், பொருத்தியது, போனுக்கானது. மூலத்தை வேறொரு வெளி ஹார்டு டிஸ்க்கிலும் வையுங்கள். பழைய பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. தாள் எண், அளவை ஆண்டு, எவரெஸ்ட்டா டபிள்யூஜிஎஸ்ஸா, எத்தனை டிபிஐ என்று நான்கு வரி எழுதிய குறிப்பும் அதே போல்டரில் இருக்கட்டும். சில செயலிகளை நீக்கினால் அவற்றுக்குள் போட்ட வரைபடமும் சேர்ந்தே அழியும் என்பதால், போனில் இருப்பதை நகலாக மட்டுமே கருதுங்கள்.

கிளம்புமுன் ஏற்காடு ஏரிக்கரையில் நின்று, போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, ஜிபிஎஸ் இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு வரைபடத்தைத் திறங்கள். நெட்வொர்க் உதவி இல்லாததால் இடம் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகலாம். நீங்கள் நிற்கும் இடத்துக்கு வடமேற்கே 200 மீட்டர் தள்ளிப் புள்ளி விழுந்தால், அந்தத் தாள் இன்னும் எவரெஸ்ட்டில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.