டாலஸ் வட்டாரப் பழைய ரிவால்வர் ஆர்வலர்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

பொங்கல் கூடுகை வழக்கம்போல் நடைபெற்றது. கோடை வெயிலை முன்னிட்டு ஜூலை, ஆகஸ்ட் மாதச் சுடுபயிற்சிகள் அதிகாலைக்கு மாற்றப்பட்டன. ஃபோர்ட் வொர்த்தில் நடந்த துப்பாக்கிக் கண்காட்சிக்கு உறுப்பினர்கள் குழுவாகச் சென்று வந்தனர். தீபாவளி விருந்து குடும்பத்தினருடன் சிறப்பாக நடந்தேறியது.

இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்தவர்களுள் பெரும்பாலோர் இளையவர்கள். பாலிமர் உடல் கொண்ட பிஸ்டல்களில் சுடக் கற்றுக்கொண்டு, பிறகு யாரோ ஒருவரின் பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவன ரிவால்வரை ஒருமுறை சுட்டுப் பார்த்ததிலிருந்து மனம் அங்கேயே நின்றுவிட்டவர்கள். இந்த ஈர்ப்புக்குக் காரணம் வெறும் பழமை மோகம் என்று செயற்குழுவில் சொல்லப்பட்டது. நான் அவ்வாறு கருதவில்லை. 1980களிலும் 1990களிலும் அமெரிக்கக் காவல் துறைகள் ரிவால்வரைக் கைவிட்டுப் பிஸ்டலுக்கு மாறியபோது, இடுப்பு உறையில் உரசி வெளிப்பூச்சு தேய்ந்திருந்தாலும் உள்ளே அதிகம் உழைக்காத ரிவால்வர்கள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றின் விசையை இழுக்கும்போது கிடைக்கும் வழவழப்பு, தேர்ந்த கைகள் ஒவ்வொரு பாகத்தையும் பொருத்திப் பார்த்து இழைத்ததால் வந்தது. 1982ஆம் ஆண்டையொட்டி ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் குழல்களைக் குறுக்கு ஊசியால் இறுக்குவதை நிறுத்தியது; 2001 முதல் பக்கவாட்டில் சாவித்துளையுடன் உட்பூட்டு வைக்கத் தொடங்கியது. அந்தத் துளை இல்லாத பழையவற்றைத் தேடுவோர் அதிலிருந்தே பெருகினர். 1955இல் அறிமுகமாகி இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றுபோன, கோல்ட் நிறுவனத்தின் பைத்தான் ரிவால்வர் 2020இல் மறுபடி உற்பத்திக்கு வந்த பின்னரும், பழைய பைத்தானைக் கேட்டு வருகிறவர்கள் குறையவில்லை.

சட்டமும் சேகரிப்பாளருக்கு ஒரு வழி திறந்து வைத்திருக்கிறது. தயாரிக்கப்பட்டு 50 ஆண்டு நிறைந்து, மூல நிலையிலேயே இருக்கும் துப்பாக்கிகள் 'கியூரியோ அண்ட் ரெலிக்' எனப்படும் சேகரிப்புப் பொருள் வகையில் சேர்கின்றன. ஆகவே 1975இல் செய்யப்பட்டவை இவ்வாண்டு அந்த வரிசைக்கு வந்துள்ளன. 30 டாலர் கட்டி மூன்றாண்டுக்குப் பெறும் சேகரிப்பாளர் உரிமம் இருந்தால் இத்தகையவற்றை வேறு மாநிலத்திலிருந்தும் வீட்டுக்கே தருவித்துக்கொள்ளலாம். ஆனால் வரவையும் விற்பனையையும் பதிவேட்டில் ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். உரிமம் பெற்ற உறுப்பினர்கள் அனைவரும் அந்தப் பதிவேட்டை வைத்திருப்பதாக என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதை இங்கே குறிப்பிடுகிறேன்.

இவ்விடத்தில் ஆவணச் சரிபார்ப்பைப் பற்றி விளக்கம் தர வேண்டியிருக்கிறது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ கைவசம் வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்; செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்கள் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. சுடுதளத்தில் வாடகைக்கு எடுப்பதும், நண்பருடையதை வாங்கிச் சுடுவதும் கைவசம் வைத்திருப்பதாகவே கொள்ளப்படும். டெக்சஸ் வேட்டை உரிமம் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 31உடன் முடிந்துவிடுகிறது. எனவேதான் செப்டம்பர் மாதப் பயிற்சியில் உரிமத்தைக் காட்டாத சிலரைச் சுட அனுமதிக்க இயலவில்லை. "நம்ம ஆளுங்ககிட்டேயே பேப்பர் கேக்கறீங்களா?" என்று சிலர் வருந்தினர், அவர்களுள் இருவர் அதன்பின் வரவேயில்லை. கிரீன் கார்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் ஒருவருடைய எதிர்காலத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குக்காகப் பணயம் வைக்க நான் தயாராக இல்லை. இந்த நடைமுறை வரும் ஆண்டும் தொடர வேண்டும் என்று பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி, பரிசோதனை மேசை. சுடுவதற்கு முன் ஒவ்வொரு பழைய ரிவால்வரையும் மேசையில் வைத்துப் பார்த்துக் குறிப்பேட்டில் பதிய வேண்டும் என்ற விதியைச் சென்ற பொதுக்குழுவில் நான் முன்மொழிந்தேன். அதனால் பயிற்சி தாமதமாகிறது, அளவுக் கருவிகளுக்கு வீண் செலவாகிறது என்ற குறைகள் என் காதுக்கும் வந்தன. மேசையில் நடப்பது இதுதான்: தோட்டா அறைகள் கொண்ட, சுழலும் சிலிண்டர் காலி என்பதை இருவர் பார்ப்பார்கள். பிறகு சிலிண்டரை விரலால் இலேசாகத் தடுத்தபடி, தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியலை மெதுவாகப் பின்னிழுத்து, சுத்தியல் முழுதும் எழுமுன் சிலிண்டர் பூட்டிக்கொள்கிறதா என்று ஆறு அறைகளுக்கும் பார்ப்போம். சிலிண்டர் முன்பின் அசைகிறதா, குழலுக்கும் அதற்கும் இடையிலான சந்து எவ்வளவு என்பதை மெல்லிய தகடுகளால் அளப்போம். ஏறிய சுத்தியலைப் பின்னிருந்து கட்டைவிரலால் தள்ளினால் நழுவுகிறதா என்பதும் பார்க்கப்படும். பூட்டாத அறையில் தோட்டா வெடித்தால் ஈயச் சிதறல் பக்கத்தில் நிற்பவரின் முகத்துக்குப் போகும். அதைத் தடுப்பதற்குச் சில நிமிடம் தாமதமானால் ஆகட்டும்.

இம்மேசையின் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். உறுப்பினர் ஒருவர் தாம் ஆசையாக வாங்கிய, இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி மாடலைக் கொண்டுவந்தார். விற்றவர் அதை .38 ஸ்பெஷல் என்றே சொல்லியிருந்தார். அந்தத் தோட்டாவும் அறையில் தாராளமாக இறங்கியது. ஆனால் அதன்மேல் பிரிட்டிஷ் சோதனை முத்திரைகள் இருந்தன. போரின்போது பிரிட்டனுக்கும் காமன்வெல்த் படைகளுக்கும் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இத்தகைய ரிவால்வர்கள் .38 எஸ் அண்ட் டபிள்யூ என்ற, நீளத்தில் குறைந்து சுற்றளவில் சற்றுப் பெருத்த தோட்டாவுக்காகச் செய்து அனுப்பப்பட்டன. போர் முடிந்து திரும்பியவற்றுள் பலவற்றின் அறைகளை வணிகர்கள் ஆழப்படுத்தி .38 ஸ்பெஷலுக்கென்று விற்றார்கள். ஆழத்தைக் கூட்டலாம், அகலத்தைக் குறைக்க முடியாது. ஆகையால் சுட்டவுடன் தோட்டாவின் பித்தளை உறை அடியில் புடைக்கும், சில வேளை பிளக்கும். மேசை இல்லாதிருந்தால் அந்த நண்பர் அன்றே அதில் முழுப் பெட்டியையும் சுட்டிருப்பார். இப்போது அதை அவர் சேகரிப்பில் மட்டும் வைத்திருக்கிறார்.

அதே மாடலில் இன்னொரு செய்தியும் புதியவர்கள் அறிய வேண்டியது. 1944இல் அமெரிக்கக் கடற்படையில் ஒரு விக்டரி ரிவால்வர் கீழே விழுந்து வெடித்து ஒருவர் உயிரிழந்த பிறகே, சுத்தியலைத் தடுக்கும் புதிய பாகம் சேர்க்கப்பட்டது. அப்படித் திருத்தப்பட்டவற்றின் தொடர் எண் எஸ்வி என்ற எழுத்துகளோடு தொடங்கும். அவ்வெழுத்துகள் இல்லாத விக்டரிகளிலும், கோல்ட் நிறுவனத்தின் 1873ஆம் ஆண்டு மாதிரி ஒற்றை இயக்க (ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால் ஏற்றிச் சுடும்) ரிவால்வர்களிலும் சுத்தியலுக்கு நேரான அறையைக் காலியாக விட்டு ஐந்து தோட்டாக்கள் மட்டுமே இட வேண்டும் என்பது நம் விதி. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 19 வைத்திருப்போர், 125 கிரெயின் எடை கொண்ட இலகுவான ரவையுள்ள, அழுத்தம் மிகுந்த மேக்னம் தோட்டாக்களைத் தவிர்க்க வேண்டும். குழலின் பின்வாய் அடிப்புறம் மெலிதாகச் சீவப்பட்ட வடிவமாதலால் அவ்விடத்தில் விரிசல் காண்பது பலராலும் பதியப்பட்ட குறை. நம் பயிற்சிகளில் 148 கிரெயின் தட்டைமுனை ஈய ரவைகளைப் பரிந்துரைப்பது இதனால்தான். அவை மென்மையானவை, துல்லியமானவை, பழைய எஃகை வருத்தாதவை.

சந்தா குறித்து எழுத நேர்வது வருத்தம் தருகிறது. ரிவால்வர் வாங்குவதற்கு முன் ஆலோசனை கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்கள், வாங்கியதும் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள், அதன்பின் சந்தாவும் செலுத்தாமல் பயிற்சிக்கும் வராமல் இருக்கிறார்கள். வாசல் மேசையில் அமரவும், பயிற்சி முடிந்தபின் காலித் தோட்டா உறைகளைப் பொறுக்கவும், இலக்கு அட்டைகளை அகற்றவும் அதே நான்கைந்து பேர்தான் எப்போதும் நிற்கிறார்கள். ஓர் ஆண்டுச் சந்தா, இரண்டு பெட்டித் தோட்டாவின் விலையைத் தாண்டாது. நினைவூட்டல் கடிதங்கள் அனுப்பியும் பதில் வராதவர்களின் பெயர்களை இங்கே குறிப்பிட நான் விரும்பவில்லை. அவர்கள் தாமாகவே அறிவார்கள்.

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறத்தாழ ஈடாயின. சுடுதள வாடகையே பெருஞ்செலவு. அளவுத் தகடுகள், துப்புரவுப் பொருள்கள், குறிப்பேடு ஆகியவற்றுக்கான செலவு நியாயமான அளவுக்குள் இருந்தது. சென்ற ஆண்டு இருப்பிலிருந்து சிறு தொகை எடுக்கப்பட்டது. விவரங்களைப் பொருளாளரிடம் பார்த்துக்கொள்ளலாம்.

வழிகாட்டிய தலைவர் அவர்களுக்கும், கணக்கைக் கவனித்த பொருளாளருக்கும், இடம் தந்த சுடுதள உரிமையாளருக்கும், தீபாவளி விருந்து சமைத்த குடும்பத்தினருக்கும் நன்றி. மேசையில் என்னோடு நின்ற மூத்த உறுப்பினருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அவருடைய கண் எந்த அளவுக் கருவிக்கும் குறைந்ததல்ல.

வரும் ஆண்டில் பரிசோதனைக் குறிப்பேட்டை ஒழுங்குபடுத்தி, ஒவ்வொரு மாடலிலும் நாம் கண்ட குறைகளைத் தமிழில் தொகுத்துப் புதியவர்களுக்குக் கொடுக்க எண்ணியுள்ளேன். அதற்கு மேசையில் பயிற்சி பெற்ற குறைந்தது மூவராவது வேண்டும். இப்போது இருவர்தான் இருக்கிறோம், அந்த மூத்த உறுப்பினரோ மார்ச்சில் ஹூஸ்டனுக்குக் குடிபெயர்கிறார். மூவர் அமையாவிட்டால் மாதந்தோறும் நடக்கும் பழைய ரிவால்வர்ப் பயிற்சியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாகக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. செயலாளர் பொறுப்பை ஏற்க முன்வருவோர் இருந்தால் மகிழ்வுடன் ஒப்படைப்பேன். எவரும் முன்வராவிட்டால் தொடர்வேன், ஆனால் மேசையையும் வாசலையும் ஒருவரே கவனிக்க இயலாது என்பதைப் பொதுக்குழு கருத்தில் கொள்ள வேண்டும். மேசைப் பயிற்சிக்கு விருப்பமுள்ளவர்கள் ஜனவரிக் கூட்டத்தில் பெயர் கொடுக்கலாம். 2026ஆம் ஆண்டுச் சந்தாவும் நிலுவையும் அன்றே பெற்றுக்கொள்ளப்படும்.

இங்ஙனம்,
செயலாளர்