பேக்ஹோ வாங்குமுன் குனிந்து பார்

சிவமயம்

அன்புள்ள மீனாளுக்கு அப்பச்சி எழுதுவது.

தேவகோட்டைத் தோப்புக்குச் சின்ன டிராக்டரும், அதன் பின்னால் மாட்டிப் பள்ளம் தோண்டும் பேக்ஹோவும் வாங்கப் போவதாக எழுதியிருந்தாய். எத்தனை ஹெச்.பி. என்று கேட்பதற்கு முன் குனிந்து டிராக்டரின் அடியைப் பார், ஆத்தா. பேக்ஹோவை எதில் மாட்டுகிறார்கள் என்பதுதான் முக்கியம்.

கலப்பை மாட்டும் மூன்று புள்ளி லிங்கேஜில் மட்டும் மாட்டித் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்றுவிடு. அந்த லிங்கேஜ் மேலே எழும்பாமல் தடுக்க எதுவும் கிடையாது. செம்புறாங்கல்லில் பக்கெட்டை அழுத்தினால் பக்கெட் மண்ணில் இறங்காது, பேக்ஹோதான் மேலே எழும்பும். லிங்கேஜின் மேல் கம்பியான மேல் லிங்க் மடங்கினால், சீட்டில் இருப்பவர் பேக்ஹோவுக்கும் டிராக்டருக்கும் நடுவில் நசுங்குவார். இன்னொன்று, சின்ன டிராக்டருக்குப் பெரும்பாலும் லாரி போலத் தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. என்ஜினும் கியர்பாக்ஸும் பின் ஆக்சிலும் போல்ட்டால் கோத்ததுதான் அதன் உடம்பு. தோண்டும் இழுவை முழுதும் பின்பக்கம் விழுந்தால் வார்ப்பு ஹவுசிங் விரிசல் விடும். பின்னாலிருந்து முன் ஆக்சில் வரை அடியில் ஓடும் சப்ஃப்ரேம் என்ற இரும்புச் சட்டம் இருந்தால் அந்தப் பாரம் பகிர்ந்து போகும். அதற்கு ஆகும் செலவைப் பார்க்காதே.

பணம் கட்டுமுன் நம் தோப்பிலேயே, ஐப்பசி மழைக்கு முந்திய காய்ந்த தரையில், ஒரு தென்னங்குழி எடுத்துக் காட்டச் சொல். இந்தச் செம்புறாங்கல் மண்ணுக்கு நீளம், அகலம், ஆழம் எல்லாம் நான்கடி.

லீவர் இரண்டு வகை. ஒன்றில் பூம், அதாவது டிராக்டரை ஒட்டிய பெரிய இரும்புக் கை, உன் இடது கைக்கு வரும், மற்றதில் வலது கைக்கு. எது என்று கேட்டு அதிலேயே பழகு. கை மாறினால் அவசரத்தில் தப்பான பக்கம் இழுத்துவிடுவாய்.

தோண்ட உட்காருமுன் கியர் நியூட்ரல், பார்க்கிங் பிரேக், முன்னால் மண் அள்ளும் லோடர் பக்கெட் தரையில். பேக்ஹோவின் பக்கக் கால்களை இறக்கி வண்டியை மட்டமாக்கு. மண் இளகினால் அந்தக் கால்களுக்கு அடியில் பலகை வை. காலை ஒட்டிப் பள்ளம் வெட்டினால் கால் சரிந்து வண்டி கவிழும். பூமை அழுத்தித் தோண்டாதே. பூமின் நுனியில் பக்கெட் மாட்டிய சின்ன இரும்புக் கையை இழுத்து, பக்கெட்டைச் சுருட்டி, நான்கு விரல் கனமாகச் சீவி எடு. பக்கெட்டைப் பக்கவாட்டில் இடித்துக் கல்லைப் பெயர்த்தால் பூமைத் திருப்பும் இடத்து இரும்புப் பின் (ஆணி) தேய்ந்து ஆடும்.

பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாப் பின்னுக்கும் கிரீஸ். முதல் 50 மணி நேரத்தில் என்ஜின் ஆயிலும் ஃபில்டரும் மாற்று. வண்டியை நகர்த்துமுன் பூம் பூட்டும் பின், திருப்பம் பூட்டும் பின் இரண்டையும் போடு. தெருவில் மின்கம்பியை நிமிர்ந்து பார்.

ஹைட்ராலிக் ஆயில் ஓடும் ஹோஸ் கசிந்தால் கையால் தடவிப் பார்க்காதே, அட்டையை நீட்டிப் பார். அந்த அழுத்தத்தில் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியது போல்தான் தெரியும், ஆனாலும் அன்றைக்கே, அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போய் ஹைட்ராலிக் ஆயில் என்று சொல்ல வேண்டும். வேலையாட்களிடமும் இதைச் சொல்லிவை.

அன்புடன்,
அப்பச்சி