எல்லார் சம்பளத்திலும் கை வைக்கும் முன் ஒரு பட்டியல் எடுங்கள்

அன்புள்ள அண்ணாச்சி,

ஆடித் தள்ளுபடி முடிந்து இருப்பு எடுத்ததில் சரக்கு குறைகிறது, கடைப் பிள்ளைகள் எல்லார் சம்பளத்திலும் சமமாகப் பிடிக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதைச் செய்யாதீர்கள். யார் பொறுப்பில் சரக்கை ஒப்படைத்தீர்களோ, அவருடைய கவனக்குறைவால் போயிருந்தால்தான் பிடிக்க முடியும். அதற்கு முன் அவரிடம் விளக்கமும் கேட்க வேண்டும். இது 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்திலேயே இருந்த விதி, 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது.

ராத்திரி வாசலில் அந்தப் பெண்கள் டிபன் பையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் பஸ் பிடிக்கிறார்கள். கல்லாவில் இருப்பவரை யார் சோதிக்கிறார்கள்?

வாடிக்கையாளர் ரொக்கம் கொடுத்துவிட்டுச் சேலையோடு போய்விடுகிறார். கொஞ்ச நேரம் கழித்து அந்த பில்லை ரத்து செய்தால் பணம் சட்டைப்பைக்கு, கல்லாக் கணக்கு பைசா பிசகாமல் நேராகிவிடும். ஆனால் ரத்தான சேலை கம்ப்யூட்டரில் மறுபடி இருப்புக்கு வந்துவிடுகிறது, அலமாரியில் இல்லை. இருப்பு எடுக்கும்போது பழி அலமாரிப் பக்கம் நிற்கும் பிள்ளைகள் மேல் விழும்.

ஆகவே ரத்தான பில்களை மட்டும் நேரத்தோடும் பாஸ்வேர்டோடும் எடுங்கள். அளவு மாறியதால் ரத்து என்றால் அடுத்த சில நிமிடத்திலேயே புது பில் இருக்கும். ரொக்க பில், ரத்துக்குப் பின் புது பில் இல்லை, ஒரே பாஸ்வேர்டு என்று வரிசையாக வந்தால் அங்கே நில்லுங்கள். கல்லாவில் ஒட்டிய க்யூஆர் அட்டையையும் உங்கள் போனில் ஸ்கேன் செய்து பணம் யார் பெயருக்குப் போகிறது என்று பாருங்கள்.

1995-இல் பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கி கவிழ்ந்ததும் இப்படித்தான். சிங்கப்பூர் கிளையில் நிக் லீசன் வியாபாரமும் செய்தார், கணக்கு முடிக்கும் பிரிவையும் அவரே பார்த்தார். அவர் மறைத்து வைத்த நட்டம் 82.7 கோடி பவுண்டு. உங்கள் கடையிலும் பில் போடுவது, ரத்து செய்வது, ராத்திரி கணக்கு முடிப்பது மூன்றும் ஒருவர் கையில். அவர் உங்கள் மச்சினர் என்பதால்தான் இத்தனை நாள் யாரும் வாய் திறக்கவில்லை (நானும்தான்).

ஆள் யாரென்று தெரிந்தால் குடோனில் பூட்டி வைத்து மிரட்ட வேண்டாம், அப்புறம் வழக்கு உங்கள் மேல் திரும்பும். ஸ்டேஷனில் புகார் கொடுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐபிசி-க்குப் பதிலாக வந்த சட்டம்) 316(4), வேலையாள் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு 7 ஆண்டு வரை சிறை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பட்டியலை நீங்களே எடுத்து வையுங்கள், மச்சினரிடம் கேட்க வேண்டாம்.