புதுப் படகின் அடியில் கிடக்கும் நட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வந்தால் நம் கரை முழுக்கப் படகு வேலைதான். விசைப்படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படும். தொண்டி முதல் மூக்கையூர் வரை புது ஃபைபர் படகுகளும் பட்டறையிலிருந்து வந்து இறங்கும். மாலை போட்டு, தேங்காய் உடைத்து, அணியத்தில் (முன்பக்கத்தில்) பெயர் எழுதிவிட்டால் படகு நேரே கடலுக்குத்தான். தளப்பலகைக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தால் கிடைப்பவை இவைதான்: நட்டு, வாஷர், தலை உடைந்த ஸ்க்ரூ, ஒயர் துண்டு, வெட்டிய கேபிள் டை நுனி, கிரைண்டரில் அறுத்த ஃபைபர் விளிம்பு, ரெசின் பசையோடு இறுகிப்போன பிரஷ். அபூர்வமாக ஒரு ஸ்பேனரும் கிடைக்கும்.

'கூட்டிப் பெருக்காமல் விட்டுவிட்டார்கள்' என்று சொல்லி அள்ளி எறிவதுதான் வழக்கம். எறிவதற்கு முன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லவே இந்தக் கடிதம். அடியில் கிடக்கும் நட்டு, மேலே ஏதோ ஒரு இடம் காலியாக இருப்பதற்கு அடையாளமாக இருக்கலாம்.

நட்டின் மரையை (உள்ளே சுற்றி வரும் வரிகளை) பாருங்கள். எண்ணெய்ப் பளபளப்பு போகாமல், ஒரு கீறலும் இல்லாமல் இருந்தால் பெட்டியிலிருந்து சிந்தியது, கவலை இல்லை. மரைக்குள் சீலன்ட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) ஒட்டியிருந்தால், அது எங்கோ முறுக்கப்பட்டிருந்து கழன்று விழுந்திருக்கிறது. எந்த இடம் என்று கண்டுபிடிக்காமல் படகை இறக்கக் கூடாது. மரை மழுங்கி, நசுங்கி இருந்தால் முறுக்கும்போது கடித்துக்கொண்டது என்று பொருள். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை கிரீஸ் தடவாமல், பவர் டூல் வைத்து வேகமாக ஏற்றினால் இப்படித்தான் கடிக்கும். கடித்ததைக் கழற்றிப் போட்டவர் அந்த இடத்தில் வேறு போல்ட் போட்டாரா, துளையில் சீலன்ட்டை அப்பி மூடிவிட்டாரா என்பதுதான் கேள்வி. வாஷர் மட்டும் தனியாகக் கிடைத்தால், எங்கோ ஒரு நட்டு வாஷர் இல்லாமல் ஃபைபர் மேலேயே உட்கார்ந்திருக்கக்கூடும். கயிறு கட்டும் கொம்பிலோ விஞ்ச் அடியிலோ அப்படி இருந்தால், இழுவை விழுந்த சில வாரங்களில் நட்டு ஃபைபருக்குள் புதைந்து துளை நீள்வட்டமாகும். மெல்லிய தகட்டுத் துண்டு கிடைத்தால் இன்ஜின் பக்கம் போங்கள். அது இன்ஜினை மட்டம் சேர்க்க அதன் காலுக்கு அடியில் வைக்கிற ஷிம்மாக இருக்கலாம்.

காலியான ஒரு துளை என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏராவுக்கு (படகின் அடிமுதுகுக் கட்டைக்கு) அடியில் அடிக்கும் தேய்ப்புப் பட்டையின் போல்ட் ஒன்று போடப்படவில்லை, துளை 10 மி.மீ., நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 7 லிட்டர், மணிக்கு 400 லிட்டர் தண்ணீர் உள்ளே வரும். இரவு 10 மணி நேரத் தொழிலில் அது 4 டன். முதல் நாளே தெரிந்துவிட்டால்கூடப் பரவாயில்லை. சீலன்ட் கொஞ்ச நாள் தாங்கும். மணலில் ஏற்றி இறக்கிப் பட்டை தேயும்போது ஒரு நாள் பிய்த்துக்கொள்ளும், பெரும்பாலும் ஆழ்கடலில்.

பம்ப் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் 12 வோல்ட் பில்ஜ் பம்ப்பின் பெட்டியில் மணிக்கு 1,100 காலன் என்று அச்சிட்டிருக்கும். அமெரிக்கக் காலன் கணக்கில் அது சுமார் 4,160 லிட்டர். தண்ணீரை மேலே தூக்காமல் அளந்த அளவு அது. ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கி, வளைந்த ஹோஸ் வழியே வெளியேற்றும்போது நன்றாகவே குறையும். இந்தப் பம்ப்பின் விசிறியை நிறுத்த ஒரு கேபிள் டை நுனி போதும். மோட்டார் சுற்ற முடியாமல் நின்றால் கரன்ட் பல மடங்கு ஏறும். சரியான ஃபியூஸ் இருந்தால் அது எரிந்து பம்ப் நிற்கும். ஃபியூஸ் இல்லாமல் நேரே பேட்டரியில் கொடுத்திருந்தால் ஒயர் உருகும். பம்ப்பைத் தானே ஓட விடும் மிதவை சுவிட்சும் இப்படித்தான். அதன் அடியில் ஒரு ரெசின் கட்டி மாட்டிக்கொண்டால் மிதவை எழாது.

வங்குகளின் (படகின் குறுக்கே விலா எலும்பு போல் நிற்கும் சட்டங்களின்) அடியில் தண்ணீர் ஓடுவதற்கு விடும் துளைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெயின்ட் அடிக்கும்போது ஒட்டிய மாஸ்கிங் டேப்பை எடுக்காமல் விட்டால், அல்லது ஃபைபர்த் தூளும் கிரீஸும் சேர்ந்து அடைத்தால், தண்ணீர் பம்ப் இருக்கும் அமரம் (பின்பக்கம்) வரை வராது. பம்ப் காய்ந்து கிடக்கும், படகோ மூக்கு தாழ்ந்து போய்க்கொண்டிருக்கும். படகோட்டி பம்ப் சத்தம் இல்லாததை நல்ல சேதி என்று நினைத்துக்கொள்வார்.

மற்ற சேதங்கள் மெதுவானவை. பாக் நீரிணையின் குட்டை அலையில் படகு ஓயாமல் ஆடும். இரண்டு வங்குகளுக்கு நடுவில் சிக்கிய நட்டு ஒரே தடத்தில் போய் வந்து, உள்பூச்சைத் தேய்த்துக் கண்ணாடி இழையைத் தொட்டுவிடும். இழை வெளியே தெரிந்தால் தண்ணீர் அதன் வழியே உள்ளே ஏறி, அடுக்குகளைப் பிரிக்கத் தொடங்கும். அலுமினிய டீசல் டேங்க் மேல் ஒரு செம்பு ஒயர் துண்டு விழுந்து, உப்புத் தண்ணீரும் பட்டால், அந்த இடத்தில் அலுமினியம் குழி விழுந்து அரிக்கும். ஒரு நாள் ஓட்டையும் விழும். டேங்கைப் பொருத்திய பிறகு டீசல் அளவு காட்டும் கேஜுக்குத் துளை போட்டிருந்தால் உலோகச் சீவல் டேங்குக்குள்ளேயே இருக்கும். கரையில் அடியில் படிந்து கிடப்பது, கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது கலங்கி எழுந்து ஃபில்டரை அடைக்கும். கரையில் நன்றாக ஓடிய இன்ஜின், நின்றால் ஆபத்தான நேரம் பார்த்து நிற்பதற்கு இது ஒரு காரணம்.

பட்டறைக்காரர்கள் எல்லோரும் அலட்சியக்காரர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. வேலை நடக்கும் வரிசைதான் கோளாறு. படகின் அடிப்பாகத்தையும் மேல்தளத்தையும் தனித்தனி அச்சில் வார்த்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து மூடிவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் ஃபிட்டர் வருகிறார், எலக்ட்ரீஷியன் வருகிறார். மேலிருந்து துளை போட்டால் தூளும் சீவலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விழும். கையை மட்டும் ஹேட்ச் வழியே விட்டு நட்டை ஏற்றும்போது நழுவினால், எடுக்க வழியில்லை. இன்னொரு நட்டை எடுத்துப் போட்டுவிட்டுப் போவார். விமானப் பட்டறையில் ஒரு ஸ்பேனர் கணக்கில் குறைந்தாலே வேலையை நிறுத்தித் தேடுவார்கள். இங்கே எத்தனை நட்டு கொடுத்தோம், எத்தனை திரும்பி வந்தது என்று யாரும் எண்ணுவதில்லை. ஜூன் 15-க்குள் வேண்டும் என்று வாங்குகிறவர் நிற்கும்போது எண்ண நேரமும் இல்லை. தளம் மூடியபின் 'இங்கே ஒரு கொம்பு சேர்த்துப் போடு, அங்கே லைட் கம்பம் வை' என்று சொல்வதும் வாங்குகிறவர்தான். குறி பார்க்காமல் போடும் அந்தத் துளைகளில் சில, தண்ணீர் புகாமல் மூடிய மிதப்பு அறையின் சுவரையே துளைத்துவிடுகின்றன. ஒயருக்காகத் துளைத்த இடத்தை அடைக்காமல் விட்டால் அது மிதப்பு அறையே இல்லை. நுரை அடைத்த அறையானாலும் தண்ணீர் உள்ளே போய்த் தங்கி எடை ஏறும்.

இனி செய்ய வேண்டியது. படகைக் கையேற்கும் முன், கட்டைகளின் மேல் நிற்கும்போதே, அணியத்தை 25 செ.மீ. அளவுக்கு உயர்த்திக்கொள்ளுங்கள். அடியில் உள்ள டிரெயின் பிளக்கைத் திறந்து, வெளிவாயில் கொசுவலைத் துணியை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். அணியத்திலிருந்து ஹோஸ் வைத்து நல்ல தண்ணீர் விடுங்கள், 100 லிட்டருக்குக் குறையாமல். சோப்புத் தூள் கொஞ்சம் கலந்தால் கிரீஸோடு ஒட்டிய தூளும் இறங்கும். தண்ணீர் தடையில்லாமல் வருகிறதா, நின்று நின்று வருகிறதா என்று பாருங்கள். நின்று வந்தால் நடுவில் ஒரு துளை அடைத்திருக்கிறது. வலையில் சிக்கியதை வரிசையாக ஒரு துணியில் பரப்பி வையுங்கள்.

அடுத்து, பிளக்கை மூடி, அடிப்பள்ளத்தில் 10 செ.மீ. தண்ணீர் நிற்கும் வரை விட்டு, ஒரு மணி நேரம் கழித்து வெளியே சுற்றி வாருங்கள். தேய்ப்புப் பட்டை போல்ட்டுகள், ஸ்டெர்ன் டியூப் (புரொப்பல்லர் தண்டு வெளியே போகும் குழாய்), சுக்கான் பொருத்திய இடம், ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரின் துளை ஆகிய இடங்களில் விரலை வைத்துப் பார்த்தால் ஈரம் தெரியும். ஆர்வத்தில் தளம் வரை நிரப்பிவிடாதீர்கள். 1,000 லிட்டர் என்பது ஒரு டன். கட்டை மேல் நிற்கும் படகு அந்தப் பாரத்தைத் தாங்குவதற்காகக் கட்டப்படவில்லை.

பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கயிறு கட்டி அடிப்பள்ளத்தில் இழுத்தால் இரும்புத் துண்டும் சீவலும் ஒட்டி வரும். துணியை அவிழ்த்தால் எல்லாம் உதிர்ந்துவிடும். நல்ல ஸ்டெயின்லெஸ் பெரும்பாலும் ஒட்டாது என்பதால் பிறகு வேக்குவம் வைத்தும் இழுக்க வேண்டும். இன்னொன்று: காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து '316 தான் (கடலுக்கேற்ற ஸ்டெயின்லெஸ் தரம்) போட்டிருக்கிறோம்' என்று சொல்வதை நம்ப வேண்டாம். அதைவிடக் குறைந்த தரமான 304-ம் ஒட்டாது, காந்தம் இரண்டையும் பிரித்துக் காட்டாது. 316-ல் சேர்க்கும் மாலிப்டினம் இருக்கிறதா என்று காட்டும் சொட்டு மருந்துச் சோதனைதான் காட்டும். கடல் தண்ணீரில், அதுவும் காற்றுப் படாமல் ஈரத்தில் மூடிக் கிடக்கும் இடத்தில், 304 முதலில் அரிக்கும். கை போகாத மூலைகளுக்கு, மொபைலில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமரா ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஒரு ஊருக்கு ஒன்று போதும்.

இன்ஜின் உள்ளே வைத்த படகானால், தண்ணீரில் ஒரு நாளாவது மிதக்கவிட்டுத்தான் கப்ளிங்கை (இன்ஜினையும் புரொப்பல்லர் தண்டையும் சேர்க்கும் இணைப்பை) சரிபார்க்க வேண்டும். கட்டை மேல் இருந்த வடிவம் தண்ணீரில் இருக்காது. கப்ளிங்கின் வட்டத் தகடான ஃபிளேஞ்ச் 100 மி.மீ. என்றால், மேல், கீழ், இடம், வலம் நான்கு பக்கமும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தால் வித்தியாசம் 0.1 மி.மீ. தாண்டக் கூடாது. அடியில் ஷிம் கிடந்த படகில் இது தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

கட்டுகிறவர்களுக்குச் செலவு பெரிதாக இல்லை. தளம் மூடும் முன் நீர்த்துளைகளின் வாயில் பளிச்சென்ற நிறத்தில் டேப் ஒட்டி, எத்தனை இடம் என்று பலகையில் எழுதி, மூடும் நேரத்தில் அத்தனையையும் உரித்து எண்ண வேண்டும். துளை போடும் ஒருவர், கீழே வேக்குவம் குழாய் பிடிக்கும் ஒருவர் என்று இரண்டு பேராக வேலை செய்ய வேண்டும். ஃபிட்டருக்குப் போல்ட், நட்டு, வாஷர் எண்ணிக்கொடுத்து, மாலையில் மிச்சத்தை எண்ணி வாங்க வேண்டும். மேல்தளத்தில் போடும் துளைகள் பிளைவுட்டைத் தொட்டால், பெரிதாகத் துளைத்து எபாக்ஸி நிரப்பி, இறுகிய பின் மறுபடி துளைக்க வேண்டும். ஐ.எஸ். 710 மரைன் பிளையே போட்டிருந்தாலும் துளை வழியே தண்ணீர் புகுந்தால் உளுக்கத்தான் செய்யும்.

மீன்வளத் துறைக்கு ஒரு கோரிக்கை. மானியத்தில் கட்டும் படகுகளையாவது முடிந்த பிறகு மட்டும் பார்க்காமல், தளம் மூடுவதற்கு முந்தைய நாள் ஒரு முறை பார்த்து, உள்பக்கத்தைப் படம் எடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும். மூடிய பின் யார் வந்து பார்த்தாலும் பெயின்ட்தான் தெரியும்.

வாங்குகிறவர்கள் ஒப்பந்தத்தில் கடைசித் தவணையைத் தண்ணீர்ச் சோதனை முடிந்த பிறகே தருவதாக எழுதிக்கொள்ள வேண்டும். அப்படியும் தகராறு வந்தால், சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிய படகு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கமாகக் கருதப்படாது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கெடு இரண்டு ஆண்டு. அதற்கு, வலையில் சிக்கிய நட்டையும் வாஷரையும் எறியாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு, எந்த வங்குக்கு அருகில், எந்தத் தேதியில் கிடைத்தது என்று எழுதி, கிடந்த இடத்திலேயே எடுத்த படத்தோடு வைத்திருங்கள்.

இப்படிக்கு,
ஃபைபர் படகுப் பழுதுவேலை செய்வோர்,
பாம்பன், தங்கச்சிமடம்.