எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு: நவூரு நாடகம் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் ஜனவரி 31 அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நவூரு நாட்டின் விடுதலைக் கதையை நடிக்கப்போகிறார்கள். "பாடத்திலேயே இல்லாத நாட்டுக்கு எதற்கு இத்தனை ஒத்திகை?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். வகுப்பில் ஒரு பையன் வரைபடத்தில் பசிபிக் கடலைத் தொட்டு, "சார், இது நாடா, அச்சுப் பிழையா?" என்றான். அங்கே ஆரம்பித்தது.

நாடுதான். 21 சதுர கிலோமீட்டர். காலையில் சைக்கிளில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் தீவைச் சுற்றிவிடலாம். மண்ணில் பாஸ்பேட் கிடந்ததுதான் அதன் அதிர்ஷ்டமும் தலைவலியும். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பிரிட்டனும் சேர்ந்து அதை வெட்டி, தங்கள் வயல்களுக்கு உரமாக மலிவாகக் கொண்டுபோயின. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சுமார் 1200 நவூரு மக்களை டிரக் (இப்போது சூக்) என்ற வேறொரு பசிபிக் தீவுக்கூட்டத்துக்குக் கப்பலேற்றினார்கள். 1946 ஜனவரி 31 அன்று ஊர் திரும்பியவர்கள் 737 பேர்.

டிரக்கில் உயிர்பிழைத்தவர்களில் ஒருவர் ஹேமர் டிரோபர்ட். ஆசிரியராக இருந்தவர். (எனக்கு அவர்மேல் கூடுதல் பாசம் வர அதுவும் காரணம்.) 1956இல் மக்களின் தலைமைக் குடித்தலைவர் ஆனார். தீவையே வெட்டி முடித்த பிறகு இவர்கள் எங்கே வாழ்வது? குயின்ஸ்லாந்து கரையோரக் கர்ட்டிஸ் தீவைத் தருகிறோம், குடியுரிமையும் உண்டு என்றது அப்போது நவூருவை நிர்வகித்த ஆஸ்திரேலியா. ஆனால் தனி மக்களாகத் தங்களைத் தாங்களே ஆளும் உரிமை அதில் இல்லை. 1964இல் நவூரு மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

வகுப்பில் பெரிய சண்டையே இதில்தான். "பெரிய தீவு, தண்ணீர் இருக்கு, போயிருக்கலாமே சார்" என்று பாதிப் பேர் இன்னும் பிடிவாதமாக நிற்கிறார்கள். நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

அப்புறம் நடந்தது துப்பாக்கிச் சண்டை அல்ல, கணக்கு வழக்கு. டிரோபர்ட் ஐக்கிய நாடுகள் சபையிலும் பேச்சுவார்த்தை மேசையிலும் விடாமல் உட்கார்ந்து பேசினார். 1967 ஒப்பந்தப்படி, தங்கள் மண்ணை வெட்டிய தொழிலையே நவூரு மக்கள் 2.1 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 1968இல் விடுதலை. அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த நாள், 737 பேர் கரையிறங்கிய அதே ஜனவரி 31. டிரோபர்ட் முதல் குடியரசுத் தலைவர் ஆனார்.

மீதிக் கதையையும் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. விடுதலைக்குப் பிறகும் வெட்டுவது நிற்கவில்லை. வந்த பணத்தில் பெரும்பகுதி மோசமான முதலீடுகளில் கரைந்தது. பாழான நிலத்துக்கு இழப்பீடு கேட்டு நவூரு 1989இல் ஆஸ்திரேலியா மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1993இல் 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் தருவதாக ஒப்புதல் வந்தபோது டிரோபர்ட் உயிரோடு இல்லை.

சரி, உங்களிடம் கேட்பது இதுதான். புது உடை வாங்க வேண்டாம், வெள்ளைச் சட்டை போதும். கடையில் ரெடிமேட் சார்ட் வாங்காதீர்கள். வசனத்தை நீங்கள் எழுதித் தராதீர்கள். போன வருடம் ஒரு அப்பா எழுதியதை அவர் பையனாலேயே வாசிக்க முடியவில்லை. கூட்டம் 9.15க்கு. தாத்தா பாட்டிகளும் வரலாம், நாற்காலி மட்டும் குறைவு.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்